கம்பு எர்காட்டும் தலைவலி மருந்தும்

கம்பு பூக்கும் நாட்களில் மூட்டமும் தூறலும் நீடித்தால் கதிரிலிருந்து பிசுபிசுப்பான திரவம் கசியும். இதுவே தேன் ஒழுகல் நோய். பிறகு மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கருத்த, கெட்டியான பூஞ்சைத் திரள் உருவாகும், அதுதான் எர்காட். தென்பெண்ணைப் பாசனம் எட்டாத திருக்கோவிலூர் மேட்டு நிலங்களில், வரகோடும் கேழ்வரகோடும் மானாவாரியாக விளைந்த பயிர் கம்பு.

ஐரோப்பாவில் இந்நோய் ரை தானியத்தைத் தாக்கியது. அந்த மாவை உண்டவர்களுக்கு ரத்தக் குழாய்கள் இறுகி, விரல்கள் கருகி உதிர்ந்தன. அதே நஞ்சு அளவோடு கொடுக்கப்பட்டபோது பிரசவத்திற்குப் பிந்தைய உதிரப்போக்கை நிறுத்தியது. எர்காட் அதனால் மருந்துச் சரக்கானது. சென்னை மாகாண வேளாண் துறையின் கே. எம். தாமசும் டி. எஸ். ராமகிருஷ்ணனும் தென்னிந்தியாவில் அதைப் பயிராக்குவது பற்றி 1942இல் எழுதினர். உலகப் போர் நடந்த ஆண்டு அது. நோயை வேண்டுமென்றே வளர்ப்பது வேளாண் துறைக்கு விசித்திரமான வேலைதான். இங்கே இயற்கையாகத் தோன்றும் எர்காட் பற்றிய அவர்களது கட்டுரை 1945இல் வந்தது.

ரை எர்காட்டிலிருந்து எர்கோட்டமைன் என்ற ஆல்கலாய்டை ஆர்தர் ஸ்டோல் 1918இல் பிரித்தெடுத்தார். 1938இல் ஆய்வாளர்கள் கிரகாமும் வுல்ஃபும், இம்மருந்து ஏறியதும் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பு தணிவதையும் ஒற்றைத் தலைவலி குறைவதையும் சேர்த்துக் காட்டினர். ஆனால் குழாயைச் சுருக்கும் இந்த வேலைக்குத் தலைவலி இருக்க வேண்டும் என்பதில்லை. நோயற்றவர்களிடமும் எர்கோட்டமைன் கைகால் தமனிகளை இறுக்குகிறது. மருந்து ரத்தத்தில் வற்றிய பின்னும் அந்த இறுக்கம் பல மணி நேரம் நீடிக்கிறது. 1991இல் விற்பனைக்கு வந்த மற்றொரு ஒற்றைத் தலைவலி மருந்தான சுமட்ரிப்டான் மண்டையோட்டுக்கு வெளியே ஓடும் தமனிகளையே அதிகம் சுருக்குகிறது. மூளைக்குள் செல்லும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. இதயத் தமனிகளையும் அது சிறிது சுருக்கும். எனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டுமே தரப்படுவதில்லை.

கம்பு எர்காட் இவ்வகையில் சேராது. அதை உண்டாக்குவது வேறொரு பூஞ்சை இனம். அதன் ஆல்கலாய்டுகள் வாந்தியும் மயக்கமும் தூக்கமும் தருமே தவிர விரலைக் கருக்குவதில்லை. ஆகவே கம்பங்கூழில் தலைவலி மருந்தைத் தேடுவது வீண். உணவிலும் விதையிலும் எர்காட்டை நீக்கியே ஆக வேண்டும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் எர்காட் மிதக்கும். அதை அரித்தெடுத்து, அடியில் தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும்.