கல்வெட்டைத் தொலைத்த தீவு

ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுங்கா கோயில்கள், மகாலட்சுமி, கடைசியில் கேட்வே ஆஃப் இந்தியா. அங்கே நின்று கடலைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் எலிபண்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். படகில் ஒரு மணி நேரம் போனால் போதும், பழைய கொங்கண நாட்டின் சரித்திரம் அங்கே கல்லாக நிற்கிறது.

தீவின் உண்மைப் பெயர் காராபுரி. மும்பைக்கு எதிரே இருந்தாலும் ராய்கட் மாவட்டம், உரண் தாலுகாவைச் சேர்ந்தது. ஷேத்பந்தர், மோராபந்தர், ராஜ்பந்தர் என்று மூன்று சிற்றூர்கள். இவ்வளவு பெரிய நகரத்தின் பக்கத்தில் இருந்தும், கடலுக்கடியில் கேபிள் போட்டு மின்சாரம் வந்தது 2018இல்தான்.

படியேறிப் போனால் முதல் குகை. நடுவில் 18 அடிக்குக் குறையாத சதாசிவம். மூன்று முகத்தைப் பார்த்துவிட்டு மும்மூர்த்தி என்று சொல்பவர்கள் பலர், அது சிவனே. அர்த்தநாரி, கங்காதரர், நடராஜர், திருக்கல்யாணம், கயிலையைத் தூக்கும் இராவணன் என்று நமக்குத் தெரிந்த கதைகளெல்லாம் சுவரில் உண்டு. அடுத்த குன்றில் பௌத்த ஸ்தூபியின் மேடும் இருக்கிறது. 1987இல் யுனெஸ்கோ இந்தக் குகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாற வேண்டாம்.

இத்தனையும் செய்தது யார்? தீவில் கிடைத்த கிருஷ்ணராஜன் நாணயங்களை வைத்து, 6ஆம் நூற்றாண்டுக் கலச்சூரி மன்னர் காலம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குகையில் ஒரு கல்வெட்டு இருந்ததாம். 1534இல் குஜராத் சுல்தானிடமிருந்து இந்தப் பகுதியைப் பெற்ற போர்ச்சுக்கீசியர் அதைப் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே யாராலும் படிக்க முடியவில்லை, பிறகு கல்லும் காணாமல் போயிற்று. அதோடு கட்டியவர் பெயரும் போயிற்று.

எலிபண்டா என்ற பெயருக்குக் காரணமான கல் யானையின் கதையும் இதே மாதிரிதான். 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது விழுந்து உடைந்தது. 1914இல் ஒட்டவைத்தார்கள். இன்றும் பைகுல்லா ஜிஜாமாதா தோட்டத்து அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது.

ஆனால் எழுத்து வேறொரு இடத்தில் தப்பியிருக்கிறது. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குப் புலிகேசியைத் தெரியும். அவனுடைய அவைப் புலவர் இரவிகீர்த்தி ஒரு சமணர். கி.பி. 634இல் கர்நாடகத்து ஐஹொளெயில் தாம் எடுப்பித்த ஜினாலயத்தில் அரசனின் வெற்றிகளைப் பொறித்து வைத்தார். நூற்றுக்கணக்கான கப்பல்களோடு போய் மேலைக் கடலின் திருமகளான புரி நகரத்தைப் புலிகேசி முற்றுகையிட்டான் என்று அதில் வருகிறது. அந்தப் புரி கொங்கண மௌரியரின் தலைநகர். அது காராபுரியே என்பார் பலர். ஜஞ்சிரா பக்கத்து ராஜபுரி என்பாரும் உண்டு. கப்பல்களை மதயானைக் கூட்டத்துக்கு அவர் ஒப்பிட்டிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு அந்தக் கல் யானைதான் நினைவுக்கு வந்தது. சைவக் குகை உள்ள தீவுக்கு ஒரு சமணரின் எழுத்து சாட்சி சொல்ல வருகிறது. என் போன்ற தமிழ்ச் சமணனுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 1992இல் கடையை இடம் மாற்றியபோது, அப்பா எழுதிய நாள்வழி, பேரேடு எல்லாவற்றையும் ரத்திக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அவர் பம்பாய்க்கு வந்த வருஷம் எது, முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்து நம்பியவர் யார் என்று இன்று பேரன் கேட்கிறான். பதில் அந்தக் கட்டில் இருந்தது. போர்ச்சுக்கீசியரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

2024இல் தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியபோது பழைய ரசீதைத் தேடிப் பரண் ஏறியவர்கள் நம்மில் உண்டு. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது தகரப் பெட்டிகள் தெருவுக்கு வருகின்றன. அன்பர்களே, எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, வந்த வருஷத்தையும் வந்த வழியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காராபுரிக்குப் போய் வாருங்கள்.