வேட்டை நாய்க்கு ஒரு வண்டி

இலுப்பூரிலிருந்து அன்னவாசலுக்கோ விராலிமலைக்கோ செல்லும் சாலைகளின் இருமருங்கிலும் செம்மண் பொட்டலும், முட்புதரும், கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்களும் காணப்படும். முயல் வாழ ஏற்ற நிலம். நாயைக் கொண்டு முயல் பிடிப்பது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. புதிதாக வந்து சேர்ந்திருப்பது வண்டி. ‘குட்டி யானை’ என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டியின் பின்புறத்தைத் தடுத்து, ஒரு பகுதியை நாய்களுக்கும் மறு பகுதியை வலை, கம்பு, நெற்றி விளக்கு முதலிய சாமான்களுக்கும் ஒதுக்கும் வேலையை இன்று சில இளைஞர்கள் ஆர்வத்துடன் செய்கின்றனர். தடுப்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், தரையில் எதை விரிப்பது, எத்தனை நாய் கொள்ளும் என்பன அவர்களுடைய கேள்விகள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

அக்கேள்விகளுக்கு விடை உண்டு. கட்டுரையின் பிற்பகுதியில் அதற்கு வருகிறேன். வேட்டை விலங்கை ஏற்றிச் சென்ற வரலாறோ முஸ்லிம்களின் வரலாற்றோடு நெருங்கப் பிணைந்தது. அவ்வரலாற்றில் வண்டி மாறிய போதெல்லாம் வேட்டையின் அளவும் மாறியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகன் அதீ (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். தய்யு குலத்தைச் சேர்ந்த அவர், இஸ்லாத்தைத் தழுவிய பின் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளில் முக்கியமானது, நாய் பிடித்துத் தரும் பிராணியை உண்ணலாமா என்பது. அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம் இப்பொருளைப் பேசுகிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் உங்களுக்காகப் பிடித்துத் தருவதை உண்ணலாம், அல்லாஹ்வின் பெயரை அதன்மீது கூறுங்கள் என்பது அதன் கருத்து. பயிற்றுவிப்போரைக் குறிக்க அவ்வசனத்தில் வரும் ‘முகல்லிபீன்’ என்ற சொல், நாயைக் குறிக்கும் ‘கல்ப்’ என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. நாய் வளர்ப்பதைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்டுவரும் கண்டிப்பான செய்திகளிலும் வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டே கூறப்பட்டுள்ளன. ஆக, வேட்டை நாய்க்கு ஷரீஅத்தில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கு எல்லையும் உண்டு.

பாலைவனத்து அரபியர் வளர்த்த சலூகி நாய் ஒல்லியானது, நீண்ட கால்களை உடையது, ஓட்டத்தில் நிகரற்றது. வேட்டைக்களம் வரை அதைச் சுடுமணலில் நடத்தினால் பாதம் வெந்து போகும். ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது. எனவே ஒட்டகத்தின் மேல் தம்முடன் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேட்டை நாய்க்குக் கிடைத்த பழைய வாகனங்களுள் ஒட்டகம் ஒன்று. அதன் நோக்கம் நாயின் காலைக் காப்பது, அவ்வளவுதான்.

இந்த எளிமை அரண்மனைகளில் நிலைக்கவில்லை. உமய்யாக்களில் இரண்டாமவரான யஸீத், தம் வேட்டை நாய்களுக்குப் பொற்காப்பு அணிவித்து, பொன்னிழை நெய்த துணி போர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிமையை அமர்த்தினார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளனர். சிவிங்கிப்புலியைக் குதிரையின் பின்புறத்தில் அமர்த்தி வேட்டைக்குக் கொண்டுபோன முதல்வர் அவரே என்றும் சொல்லப்படுகிறது. யஸீதைப் பற்றிய செய்திகளில் பகைவரின் மிகைப்படுத்தல் கலந்திருக்கலாம். ஆனாலும் இதை எழுதியவர்களின் முகச்சுளிப்பு நமக்குத் தெரிகிறது.

இதற்கு மாறான ஒரு மனிதரையும் வரலாறு காட்டுகிறது. சிரியாவின் ஷைஸர் கோட்டையில் பிறந்த உஸாமா இப்னு முன்கித் (1095–1188) தம் நினைவு நூலான ‘கிதாபுல் இஃதிபார்’ முழுவதும் தந்தையை நினைவுகூர்கிறார். அத்தந்தை பகலில் வேட்டையாடுவார், நோன்பு நோற்பார். இரவில் குர்ஆனைப் படியெடுப்பார். வேட்டைப் பறவைகளுக்காகக் கான்ஸ்டான்டிநோபிள் வரை ஆள் அனுப்பினார். அவரது பெண் சிவிங்கிப்புலிக்கு வீட்டுக்குள்ளேயே தனி இடமும் மெத்தையும் இருந்தன. அதைக் கவனிக்க ஒரு பணிப்பெண் இருந்தார். அதே முற்றத்தில் வளர்ந்த மான்களை அது தொடவில்லை என்று உஸாமா எழுதுகிறார். பயிற்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். அக்பருக்கு நாய்கள் மீது விருப்பம் இருந்ததையும், காபூலிலிருந்தும் குறிப்பாக ஹஸாரா பகுதியிலிருந்தும் நல்ல நாய்கள் வந்ததையும் அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் பதிந்துள்ளார். எனினும் அவ்வரண்மனையின் வண்டிக் கவனமெல்லாம் சிவிங்கிப்புலிகளுக்கே சென்றது. ஸமந்த் மானிக் என்ற சிவிங்கிப்புலி பல்லக்கில் போகும். பணியாளர் பக்கத்தில் ஓடுவர். முன்னே நகாரா முழங்கும்.

பல்லக்கு ஆடம்பரம். வேட்டைக்கு உண்மையில் உதவியது மாட்டு வண்டி. பக்கச் சட்டமில்லாத, தாழ்ந்த மொட்டை வண்டியில் கண்ணை மூடிய தோல் தொப்பியுடன் சிவிங்கிப்புலி கட்டப்பட்டிருக்கும். வெளிமான் மனிதன் நடந்து வந்தால் ஓடிவிடும். வயல்காட்டில் அன்றாடம் பார்த்துப் பழகிய மாட்டு வண்டிக்கு அஞ்சாது. வண்டிக்காரன் நேரே மானை நோக்கி ஓட்டமாட்டான். சுற்றிச் சுற்றி வளைத்து நெருங்குவான். போதிய அளவு நெருங்கியதும் தொப்பி அகற்றப்படும், கயிறு அவிழும். சில நூறு அடிகளுக்குள் பிடித்தால் பிடித்தது. இல்லையேல் சிவிங்கிப்புலி ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும். மான்கள் தப்பிய நாட்களும் பல. உழவனின் வண்டியைப் போலத் தோற்றமளித்ததே அந்த வாகனத்தின் பலம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சென்னை ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகாட், ஒரு சிவிங்கிப்புலியையும் அதன் இந்தியப் பராமரிப்பாளர்களையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். 1764 ஜூன் மாதம் விண்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமான் மீது ஏவினார்கள். கலைமான் கொம்பைக் காட்டி எதிர்த்து நின்றது. சிவிங்கிப்புலி பின்வாங்கி, வேலியைத் தாண்டிப் போய் வேறொரு மானைக் கொன்றது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய ஓவியம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இன்றும் உள்ளது. தலைப்பாகையும் வெண்ணிற உடையும் அணிந்த இருவர் சிவிங்கிப்புலியின் இருபுறமும் நிற்கின்றனர். ஒருவர் அதன் கச்சையைப் பிடித்திருக்கிறார். மற்றவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார். அந்தக் கடற்பயணத்தில் விலங்கை உயிருடன் கொண்டு சேர்த்தவர்கள் அத்தகைய பராமரிப்பாளர்கள்தாம். புகழ் ஆளுநருக்குப் போயிற்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் வேட்டைச் சிவிங்கிப்புலிகளும் கும்பினியாரின் கைக்கு வந்தன.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கிராமங்களில் இத்தகைய வண்டி எதுவும் இல்லை. இலுப்பூர் அப்போது குளத்தூர் வட்டத்தில் இருந்தது. அரச வேட்டைக்கென ஒதுக்கிய காடுகள் வேறு. ஊரார் வேட்டை வேறு. ஊரார் வேட்டைக்கு நாய் நடந்தே வந்தது; சாமான் தோளில் வந்தது. அச்சாமானில் இப்பகுதிக்கே உரியது வளரி. ஒருமுனை கனத்து வளைந்த எறிதடியான அது புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் போருக்கும் முயல் வேட்டைக்கும் பயன்பட்டது. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். மனிதனும் நாயும் ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய தொலைவே வேட்டையின் எல்லையாக இருந்தது. ஒரு கண்மாய், ஒரு கரடு, அதற்குமேல் கால் ஒத்துழைக்காது. எந்தச் சட்டமும் எழுதாத அந்த எல்லை முயல் இனத்தைக் காத்தது.

மோட்டார் வந்ததும் அந்த எல்லை போயிற்று. கோட்டா மன்னர் இரண்டாம் உமேத் சிங்குக்காக 1925இல் உருவான ரோல்ஸ் ராய்ஸ் காரில் தேடுவிளக்குகளும் துப்பாக்கித் தாங்கிகளும் பொருத்தப்பட்டிருந்தன. அக்காலத்துச் சமஸ்தானங்கள் பலவற்றில் ‘ஷிகார் கார்’ என்பது கௌரவச் சின்னம். 1947இல் இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கோரியாவின் மன்னர் இரவில் வண்டியில் சென்றபோது, விளக்கொளியில் கண்கூசி நின்ற மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியாவில் அவ்வினத்தின் கடைசி உறுதியான பதிவாக அதையே குறிப்பிடுவர். 1952இல் இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. மாட்டு வண்டியில் நூற்றாண்டுக் கணக்காகப் பயணம் செய்த விலங்கு மோட்டார் வண்டியின் விளக்கில் முடிந்தது.

அதே 1947இல் ஜூனாகத் நவாப் மூன்றாம் மஹாபத் கான் கராச்சிக்கு விமானத்தில் கிளம்பினார். நாய்ப் பித்தர் என்று பெயரெடுத்தவர். குழந்தையை அரண்மனையில் விட்டு வந்த ஒரு பேகம் திரும்பி ஓட, அந்த இடைவெளியில் நவாப் இரு நாய்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார் என்று வி.பி. மேனன் எழுதியுள்ளார். மேனன் எதிர்த்தரப்பு அதிகாரி என்பதை மறக்கலாகாது. கீர் காட்டுச் சிங்கங்களைக் காத்தவர்களில் இதே நவாபும் ஒருவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி இலுப்பூர் வண்டிக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் பொருள் கொல்வது மட்டுமன்று. துரத்துவதும், வலை வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும் வேட்டையே. முயல் பாதுகாக்கப்பட்ட பிராணி. சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வாகனமும் கருவியும் அரசின் சொத்து. தவணை கட்டி முடியாத சரக்கு வண்டியாக இருந்தாலும் இதுவே நிலை. பாரி வேட்டை போன்ற சடங்குகளுக்கும் இச்சட்டம் விலக்குத் தரவில்லை.

சட்டத்தை ஒருபுறம் வைத்து, மார்க்கத்தின்படி மட்டும் பார்த்தாலும் அந்த வண்டி ஒரு சிக்கலை ஏற்றிக்கொண்டுதான் போகிறது. அதீ (ரலி) அவர்கள் மேலும் கேட்டார்கள்: நான் பிஸ்மில்லாஹ் கூறி ஏவிய என் நாயுடன் வேறொரு நாயும் சேர்ந்து நின்று, எது பிடித்தது என்று தெரியாவிட்டால்? உண்ணாதீர், நீர் உம் நாயின் மீதுதான் அல்லாஹ்வின் பெயரைக் கூறினீர், மற்றதன் மீது கூறவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. நாய் தானே தின்றுவிட்டாலும் உண்ணலாகாது. உயிருடன் கிடைத்தால் அறுக்க வேண்டும். ஐந்து வீட்டு நாய்கள் ஒரே வண்டியிலிருந்து இருட்டில் குதித்து ஒரே முயலைத் துரத்துகின்றன. ஏவியவர் யார், பெயர் கூறியவர் யார், கடித்தது எது? இறைச்சியைச் சட்டியில் போடும் தாய்மாருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களைக் கண்காட்சிக்கும், கால்நடை மருத்துவரிடமும், ஆட்டுக் கிடைக் காவலுக்கும் ஏற்றிச் செல்பவர்களுக்கு வண்டி தேவைதான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. ஒவ்வொரு நாய்க்கும் தனித் தடுப்பு வேண்டும். அதற்குள் அது நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். தடுப்பின் உயரம் நிற்கும் நாயின் தலைக்கு மேல் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். தகரத் தரை வெயிலில் கொதிக்கும், வழுக்கும். தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் இரண்டும் தீரும். இருபுறமும் காற்றோட்டம், மேலே நிழல், புகைக்குழாயின் புகை உள்ளே வராத அமைப்பு ஆகியவை கட்டாயம். கம்பி, இரும்பு முதலிய கனமான சாமான்கள் நாயின் பக்கம் சரிந்து விழாதபடி மறுபுறம் கட்டப்பட வேண்டும். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாய்க்குத் தண்ணீர் தரவும், பருவத்திலுள்ள பெட்டையை ஆண் நாயுடன் ஏற்றாதிருக்கவும், நோயில்லை என்ற மருத்துவச் சான்று வைத்திருக்கவும் சொல்கின்றன. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த முதல் விதியைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அதே வண்டியில் மறுநாள் குடும்பம் ஏற வேண்டுமே என்ற கவலை பலருக்கு இருக்கும். உலர்ந்த நாய் உலர்ந்த பலகையில் படுத்ததனால் மட்டும் அசுத்தம் ஒட்டுவதில்லை. எச்சில் வேறு. ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் எச்சில் பட்ட இடத்தை மூன்று முறை கழுவினால் போதும். நாயின் உடல் அசுத்தமன்று. கடற்கரை ஊர்களில் பரவலான ஷாஃபிஈ மத்ஹபில் ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். கழற்றிக் கழுவி வெயிலில் காயவைக்கக் கூடிய விரிப்பாகப் பார்த்து வாங்கினால், எந்த மத்ஹப் வீட்டிலும் வேலை பாதியாகும்.