கப்பல் கட்டும் தொழிலில் அரசு மானியம்: நடைமுறைக்கு வராத 1994ஆம் ஆண்டு உடன்படிக்கை

கையெழுத்தாகியும் நடைமுறைக்கு வராத உடன்படிக்கைகள் வரலாற்றில் எளிதில் மறக்கப்படுகின்றன. அத்தகைய ஒன்று ஏன் தோற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒரு நாட்டின் மானியத்தால் விலை குறைந்த பொருள் மற்றொரு நாட்டில் இறக்குமதியாகும்போது, அந்நாடு எதிர்வரி விதிக்கலாம். கப்பலுக்கு இவ்வழி பயன்படுவதில்லை. கொரியாவில் கட்டப்பட்டுப் பனாமாவில் பதிவாகும் கப்பல், பெரும்பாலும் எந்நாட்டுச் சுங்கத்திலும் இறக்குமதிப் பொருளாகக் கணக்கிடப்படுவதில்லை. எனவே இத்தொழிலுக்குத் தனி விதிகள் தேவைப்பட்டன. பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு 1969இல் ஏற்றுமதிக் கடன் குறித்தும், 1972இல் மானியக் குறைப்புக் குறித்தும் இணக்கங்களை உருவாக்கியது. எனினும், 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப்பின் கப்பல்களுக்கான தேவை சரிந்தது. வேலையிழப்பை அஞ்சிய அரசுகள் மானியத்தையே நாடின.

அமெரிக்கா 1980களின் தொடக்கத்தில் தன் கட்டுமான மானியத்தை நிறுத்தியது. 1989இல் அந்நாட்டுக் கப்பல் கட்டுநர் மன்றம், பிற நாடுகளின் மானியங்களுக்கு எதிராக, 1974ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்கீழ் முறையிட்டது. அதனையொட்டித் தொடங்கிய பேச்சுவார்த்தையின் விளைவாக, 21.12.1994இல் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தென் கொரியா, நார்வே, அமெரிக்கா உள்ளிட்ட தரப்புகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நேரடி மானியங்களை நீக்குதல், நட்டம் விளைவிக்கும் விலைக்குறைப்பைத் தண்டித்தல் ஆகியன அதன் முதன்மைக் கூறுகளாகும்.

இதற்கிடையில் அமெரிக்கச் சூழல் மாறியிருந்தது. 1993இல் வெளிநாட்டுக் கப்பல் உரிமையாளர்களுக்கும் விரிவாக்கப்பட்ட அரசுக் கடனுறுதித் திட்டம், கப்பல் விலையில் 87.5 விழுக்காடு வரை 25 ஆண்டுகளுக்கு உறுதியளித்தது. உடன்படிக்கையோ 80 விழுக்காட்டையும் 12 ஆண்டுகளையுமே அனுமதித்தது. பெரிய கப்பல் கட்டும் நிறுவனங்கள் எதிர்த்தன. 1996இல் கீழவை இச்சலுகையை நீட்டிக்கும் திருத்தத்துடன் மசோதாவை நிறைவேற்றியது, அதுவும் சட்டமாகவில்லை. முறையிட்ட நாடே ஏற்புறுதி அளிக்காததால் உடன்படிக்கை உயிர்பெறவில்லை.

அதன் விளைவுகள் நீண்டன. ஐரோப்பிய ஒன்றியமும் கொரியாவும் உலக வர்த்தக நிறுவனத்தில் ஒன்றன்மீது ஒன்று தொடுத்த வழக்குகளில், 2005இல் இரு தரப்புக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. சீனாவும் பங்கேற்ற புதிய பேச்சுவார்த்தை அதே ஆண்டு தடைப்பட்டது. 2010இல் மீண்டும் தொடங்கி அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் சீனாவுக்கு எதிராக அதே 301ஆம் பிரிவின்கீழ் முறையிட்டன.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் சிக்கல் தொடங்கிய இடத்திற்கே திரும்பியுள்ளது. பிறர் மானியத்தைக் குறையாகவும் தன் மானியத்தைத் தேவையாகவும் ஒவ்வோர் அரசும் கருதும்வரை, இத்தகைய உடன்படிக்கைகள் கையெழுத்தோடு நின்றுவிடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை எனலாம்.