ஏலமலை முதலீடும் ஆலோசனையும்: போடிநாயக்கனூர் வட்டாரத்தின் ஒரு நூற்றாண்டு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரின் செல்வம், போடிமெட்டுக்கு அப்பால் விரியும் ஏலமலைச் சரிவுகளோடு பிணைந்தது. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் இச்சரிவுகள் அடங்கிய தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் தமிழகத்தோடு சேராமல் கேரளத்தின் பகுதிகளானதால், முதலிட்டவர் பலரின் இருப்பிடம் ஒரு மாநிலத்திலும் அவர்களது தோட்டம் மற்றொரு மாநிலத்திலுமாகவே நீடித்தன. நட்ட ஏலச்செடி காய்க்க ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆவதாலும், சில ஆண்டு முழு விளைச்சலுக்குப் பின் தளர்ந்து மறுநடவை வேண்டுவதாலும், ஏலத்தோட்டம் இயல்பிலேயே ஒரு நீண்டகால முதலீடாகும். விளைச்சலோ வருவாயோ குன்றும்போது தோட்டத்தைத் தொடர்வதா, புதுப்பிப்பதா, விற்பதா என்று முடிவெடுக்க இவ்வட்டாரத்தார் யாரை நாடினர் என்பது, இம்மலையின் பொருளியல் வரலாற்றில் தனிக் கவனத்துக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக, அதாவது அரசு மட்டுமே கொள்முதல் செய்யத்தக்க பண்டமாக இருந்தது. மதுரைச் சீமையிலிருந்து மலையேறிப் பயிரிட்டோர் விளைந்ததை அரசிடமே ஒப்படைத்து, அதன் மதிப்பில் தமக்குரிய பங்கைப் பெற்றனர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் நீங்கியபோது விற்கும் உரிமையோடு விலை வீழ்ச்சியின் இடரும் பயிரிடுவோரைச் சேர்ந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தபின் இவ்வூரின் சந்தைத் தொடர்பு மேலும் வலுப்பெற்றது. ஆனால் பயிரிடுவோருக்கு முன்பணம் கொடுத்த வணிகரே விலை நிலவரம் சொல்பவராகவும் விளைச்சலைக் கொள்முதல் செய்பவராகவும் இருந்த இடங்களில், தோட்டத்தைக் கைவிடுவதே நலம் என்ற அறிவுரை அவரிடமிருந்து எளிதில் வந்திருக்க இயலாது. கொடுத்த கடன் விளைச்சலாகவே திரும்ப வேண்டியிருந்தது.

தோட்டத்தின் நலிவுக்குப் பல காரணங்கள் உண்டு என்பதைப் பிரித்தறியத் துணைநின்றவை பொது நிறுவனங்களே. இலைகளில் வெளிர்கோடுகளாகத் தோன்றி விளைச்சலைச் சிதைக்கும் கட்டே என்ற நச்சுயிரி நோய், காய்களை அழுகச் செய்யும் அழுகல் நோய் ஆகியவற்றை ஆராய, ஏலமலையில் 1956இல் பாம்பாடும்பாறையிலும் 1978இல் மைலாடும்பாறையிலும் ஆய்வு நிலையங்கள் எழுந்தன. 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டத்தின்படி அமைந்த ஏலக்காய் வாரியம், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் நறுமணப் பொருள் வாரியத்தில் ஒன்றியது. ஆயினும் 1980களில் நேர்ந்த நெருக்கடிக்குச் செடியில் காரணம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலச்செடியைப் பெற்ற மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா, உலகச் சந்தையில் இந்தியாவை முந்தியதால், நோயற்ற தோட்டமும் ஆதாயம் தரவில்லை. கட்டப்பனையைச் சேர்ந்த உழவர் செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி என்ற உயர்விளைச்சல் வகை பரவியதால், ஒரே பரப்பில் கூடுதல் காய் கிடைத்துப் பல தோட்டங்கள் மீண்டன. ஆனால் அவ்வகை உரத்தையும் மருந்தையும் மிகுதியாக வேண்டியதால் நடப்புச் செலவும் உயர்ந்தது.

வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்துத் தாக்கியபின், 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடியில் நடந்த ஏல விற்பனையில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்ட ஏலக்காய் விலை, மூன்றாண்டுகளுக்குள் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஓராண்டின் உச்சமோ வீழ்ச்சியோ இத்தகைய முதலீட்டுக்கு அளவுகோலாகாது என்பதையும், நடவு முதல் மறுநடவு வரையிலான முழுச் சுற்றின் சராசரி வருவாயே மதிப்பீட்டுக்கு உரியது என்பதையும் இந்நிகழ்வு தெளிவாக உணர்த்துகிறது.

அம்மதிப்பீட்டைச் சொல்பவர் யார் என்பதும் முக்கியமே; இதற்கு நிதித்துறையில் ஒரு முன்மாதிரி உண்டு. பத்திரங்களிலும் பரஸ்பர நிதிகளிலும் முதலிடுவோருக்காக, பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிகளைக் கொணர்ந்தது. 2020ஆம் ஆண்டின் திருத்தம், ஒரே வாடிக்கையாளருக்குக் கட்டணம் பெற்று ஆலோசனை கூறுவதையும் தரகு பெற்றுத் திட்டங்களை விற்பதையும் ஒருவரே செய்யாதவாறு தடுத்தது. இவ்விதிகள் ஏலத்தோட்ட நிலத்தைத் தழுவுபவை அல்ல என்றாலும், அவற்றின் அடிப்படை நெறி ஏலமலைக்கும் முற்றிலும் பொருந்தும். செடியின் நலத்தைப் பயிர் அறிஞரிடமும், நிலத்தின் உரிமையைச் சட்ட வல்லுநரிடமும், கடனையும் வருவாயையும் கணக்காயரிடமும் தனித்தனியே கேட்டறிந்து, முடிவு எதுவாயினும் தன் கட்டணம் மாறாத ஒருவரின் துணையோடு அவற்றை ஒருங்கே எடைபோடுவதே, தலைமுறைகளின் உழைப்பைத் தாங்கிய தோட்டத்துக்குச் செய்யத்தக்க நேர்மையான மதிப்பீடாகும்.