மாவுக் கம்பெனி சுவரொட்டியில் பிறந்த சட்டம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம், ராச்செஸ்டர் நகரம். மளிகைக் கடை, கிடங்கு, மதுக்கடை என்று எங்கு பார்த்தாலும் ஒரு இளம்பெண்ணின் படம். பக்கவாட்டில் திரும்பிய அழகான முகம். மேலே மாவைப் புகழும் ஒரு வரி, கீழே பிராங்க்ளின் மில்ஸ் என்ற கம்பெனியின் பெயர். சுமார் 25,000 பிரதிகள் அச்சாகியிருந்தன. படத்தில் இருந்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள், கேலி பேசினார்கள். அவர் இன்னும் மைனர். அதிர்ச்சியில் படுத்த படுக்கையாகி, வைத்தியரை வரவழைக்க வேண்டியதாயிற்று என்கிறது வழக்கு மனு. மாவுக் கம்பெனி மீதும் அச்சிட்ட அட்டைப்பெட்டிக் கம்பெனி மீதும் 15,000 டாலர் நஷ்டஈடு கேட்டார். படத்தை இனி அச்சிடக் கூடாது என்று தடையும் கேட்டார்.

ஈஸ்ட்மன் தன் கோடக் பெட்டிக் கேமராவை 1888இல் விற்பனைக்கு விட்டதும் இதே ராச்செஸ்டரிலிருந்துதான். நூறு படம் எடுக்கலாம், விலை 25 டாலர். அதுவரை பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குப் போய் அசையாமல் உட்கார்ந்தால்தான் படம். அதாவது, சம்மதம் இல்லாமல் ஒருவரைப் படமெடுப்பதே கஷ்டம். அந்தக் கஷ்டம் தீர்ந்த இரண்டே வருடத்தில், 1890இல், வாரன், பிராண்டைஸ் என்ற இரு பாஸ்டன் வக்கீல்கள் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். திடீர்ப் புகைப்படமும் கிசுகிசுப் பத்திரிகையும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன, தனியாக விடப்படும் உரிமை என்று ஒன்று வேண்டும் என்பது அவர்கள் வாதம். கட்டுரை சட்டமாகிவிடாது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழக்கு வேண்டியிருந்தது.

அந்தச் சோதனையாக வந்தது மாவுச் சுவரொட்டி வழக்கு. கீழே இரண்டு நீதிமன்றங்கள் பெண்ணின் பக்கம் நின்றன. 1902 ஜூனில் மாநிலத்தின் உச்ச அமர்வு 4க்கு 3 என்று கவிழ்த்துவிட்டது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர். இப்படி ஒரு உரிமை சட்டப் புத்தகத்தில் கிடையாது, அனுமதித்தால் வழக்குகள் வெள்ளமாக வந்துவிடும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வேறு பெண்களாக இருந்தால் தங்கள் அழகுக்குக் கிடைத்த பாராட்டாகவே இதை எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற பொருளிலும் ஒரு பேச்சு அதில் உண்டு. 'பிரபலமாகிட்டே, சந்தோஷப்படேன்' என்று இன்று கமெண்டில் எழுதுகிறவர்களுக்கு இவர்தான் மூதாதை.

பத்திரிகைகள் கொதித்தன. மறு வருடமே, 1903இல், மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது: எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தினால் குற்றம், மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதிக்க வேண்டும்.

அடுத்து நடந்ததைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். 1904இல் பார்க்கர் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். கேமராக்காரர்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்ள, குடும்பத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று அவர் அலுத்துக்கொண்டார். அந்தப் பெண் உடனே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அப்படி ஓர் உரிமை கிடையாது என்று தீர்ப்பு எழுதியவரே தாங்கள்தானே என்பதுதான் கடிதத்தின் சாரம். தேர்தலில் பார்க்கர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார். தோல்விக்குக் காரணம் கடிதம் அல்ல. ஆனாலும் படிக்கச் சுகமாக இருக்கிறது.

சட்டத்தில் பிறக்கும்போதே ஓர் ஓட்டை இருந்தது. உன் முகத்தை வைத்து யாராவது எதையாவது விற்றார்களா என்று மட்டுமே அது கேட்கும். விற்காமல் சும்மா சிரித்தால்? செய்தி, வரலாறு, ஆவணம் என்று பெயர் வைத்துக்கொண்டால்? அதற்கு அதனிடம் பதில் இல்லை.

இந்தியாவில் அந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டிய வழக்கு நம் ஊரில் கிளம்பியது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட முனைந்த நக்கீரன் பத்திரிகையைச் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் நக்கீரன் பக்கம் தீர்ப்பளித்தது. தனியாக விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, சம்மதமின்றி ஒருவர் கதையை எழுதக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கூடவே ஒரு விலக்கு: விஷயம் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் ஏறிவிட்டால் யாரும் எழுதலாம்.

இந்த விலக்கைத்தான் நான் உறுத்தலோடு பார்க்கிறேன். மாவுச் சுவரொட்டிப் பெண் என் முகத்தை எடுக்காதே என்று கேட்டு நீதிமன்றம் போனார். சுவரொட்டிகள் மக்கிப்போயின. வழக்கின் தலைப்பில் இருந்த அவர் பெயர் அமெரிக்கச் சட்டப் பாடநூல்களில் நூற்றிருபது வருடமாக நிற்கிறது. எழுதத் தடையில்லை, இருந்தும் இங்கே தேவைப்படவில்லை.

மீம் காலத்தில் இதே சிக்கல் பெரிதாக வெடித்தது கனடாவில். கியூபெக் மாகாணத்துப் பள்ளி மாணவன் ஒருவன் 2002இல், கோல்ஃப் பந்து பொறுக்கும் கோலை ஸ்டார் வார்ஸ் வாளாகச் சுழற்றித் தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டான். டேப் பள்ளியிலேயே கிடந்தது. அடுத்த ஏப்ரலில் சக மாணவர்கள் அதை இணையத்தில் விட்டார்கள். யூடியூப் பிறக்காத காலம். ஆனாலும் உலகம் சுற்றியது. ஒளிவாளும் பின்னணி இசையும் சேர்த்து ஆளுக்கொரு பதிப்பு வந்தது. வடிவேலு முகத்தை நாம் எத்தனை முறை ஒட்டினாலும் அவர் சிரிக்க வைக்க நடித்தவர். இந்தப் பையன் யாருக்காகவும் நடிக்கவில்லை. ரசித்தவர்கள் காசு திரட்டி அவனுக்கு ஐபாட் அனுப்பினார்கள். பாசம்தான். வேண்டாம் என்று சொல்ல மட்டும் வழி வைக்கவில்லை.

நான்கு மாணவர்களின் வீட்டார் மீது பையனின் குடும்பம் தொடுத்த வழக்கு 2006இல் சமரசமானது. வெட்டி ஒட்டிப் பரப்பிய ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கில்லை. அவர்கள் மாவு விற்கவில்லையே. வீடியோ பரவிப் பத்து வருடம் கழித்து, 2013இல், அந்த இளைஞர் தானாக வாய் திறந்து, செத்துப்போ என்றுகூட எழுதினார்கள் என்று சொன்னார். அதற்குள் அவர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்திருந்தார்.