சிக்கனம் கூடியது, செலவும் கூடியது: நிலக்கரி கற்றுத்தந்த பாடம்

சிக்கனமாக இருந்தால் மிச்சமாகும் என்பது வீட்டுக் கணக்கு. எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் கார், மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் விளக்கு என்றெல்லாம் வாங்கும்போது நாம் நம்புவதும் அதைத்தான். ஆனால் ஒரு நாட்டின் எரிபொருள் கணக்கும் அப்படித்தானா? இல்லை என்று 160 ஆண்டுகளுக்கு முன்பே அடித்துச் சொன்னவர் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக, நாடு எரிக்கும் நிலக்கரி கூடிக்கொண்டே போகும் என்றார் அவர்.

சுரங்கத்திலிருந்து ஆலைக்கு

கதை 1712இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே, சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கத் தாமஸ் நியூகோமன் ஒரு நீராவி இயந்திரத்தை நிறுவினார். அது நிலக்கரியை அள்ளி விழுங்கியது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரே உருளையைச் சூடாக்கிக் குளிரவைக்க வேண்டியிருந்ததே காரணம். நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலில் அது பெரிய செலவாகத் தெரியவில்லை. ஆனால் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய கார்ன்வால் வட்டாரத்தில் நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

இங்கேதான் ஜேம்ஸ் வாட் வருகிறார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைக்கும் முறைக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். அதே வேலைக்குத் தேவைப்பட்ட நிலக்கரி வெகுவாகக் குறைந்தது. வாட்டும் அவருடைய பங்காளி மேத்யூ போல்ட்டனும் கட்டணம் வாங்கிய விதம் சுவையானது. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்க முதலாளிகளிடம் கேட்டார்கள். ஆம், அவர்கள் விற்றது சிக்கனத்தைத்தான்!

விளைவு என்ன? இயந்திரத்தை ஓட்டும் செலவு குறைந்ததும் அது சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது. நூலாலை, இரும்பாலை, பிறகு ரயில், கப்பல் என்று அது நுழையாத இடமில்லை. ஓர் இயந்திரம் தின்பது குறைந்தது. தின்னும் இயந்திரங்களோ பெருகின.

ஜெவன்ஸ் போட்ட கணக்கு

1835இல் லிவர்பூலில் பிறந்த ஜெவன்ஸ், இளமையில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். 1865இல் ‘நிலக்கரிக் கேள்வி’ என்ற நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 29. பிரிட்டனின் நிலக்கரி எத்தனை காலம் தாங்கும் என்ற அச்சம் பரவியிருந்த நேரம் அது. இயந்திரங்கள் மேம்பட்டால் நிலக்கரி மிச்சமாகிவிடும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அது குழப்பமான எண்ணம் என்றார் ஜெவன்ஸ்.

அதற்கு அவர் காட்டிய சான்று ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழில். 1828இல் ஜேம்ஸ் நீல்சன், உலைக்குள் சூடான காற்றைச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு டன் இரும்புக்குத் தேவையான நிலக்கரி, முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகள் எரித்த மொத்த நிலக்கரி பத்து மடங்கானது! இரும்பு மலிந்தது, வாங்குவோர் கூடினர், உற்பத்தி முப்பது மடங்குக்கு மேல் உயர்ந்தது. அந்த இரும்பில் செய்த இயந்திரங்களும் நிலக்கரியையே கேட்டன.

நூல் நாடாளுமன்றம்வரை எட்டியது. 1866இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன், தேசியக் கடனைக் குறைக்க வேண்டும் என்று வாதாட இதைத் துணைக்கு அழைத்தார்.

ஜெவன்ஸ் சொன்ன எல்லாமே பலித்துவிடவில்லை. பழைய வேகத்தில் வளர்ந்தால் 1961இல் பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 2,600 மில்லியன் டன் நிலக்கரி தேவைப்படும் என்று கணக்கிட்டார். உண்மையில் 1913இல் சுமார் 290 மில்லியன் டன்னோடு உற்பத்தி உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. பெட்ரோலியம் அந்த இடத்துக்கு வரும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது.

விளக்கும் குளிர்பெட்டியும்

ஆனாலும் அவர் கண்ட போக்கு நிலக்கரியோடு முடியவில்லை. பிரிட்டனில் விளக்கொளியின் வரலாற்றை ஆராய்ந்த ரோஜர் ஃபூகே, பீட்டர் பியர்சன் இருவரும் வியப்பான கணக்கைத் தந்தார்கள். 1800க்கும் 2000க்கும் இடையில் ஒளியின் விலை மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஒருவர் பயன்படுத்தும் ஒளியோ 6,500 மடங்கு கூடியது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல அரசாங்கங்கள் சிக்கனமான இயந்திரங்களை வற்புறுத்தின. அப்போது டேனியல் கசூம், லெனர்ட் புரூக்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் ஜெவன்ஸின் எச்சரிக்கைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள்.

அப்படியானால் சிக்கனம் வீண்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 2007இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வளர்ந்த நாடுகளின் கார், வீட்டு வெப்பமூட்டல் போன்றவற்றில், கூடுதல் பயன்பாட்டால் நேரடியாகக் கைநழுவுவது சேமிப்பில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. சிக்கனமான குளிர்பெட்டி வாங்கியதால் யாரும் அதை நாளெல்லாம் திறந்து வைப்பதில்லை. அந்தத் தேவைக்கு ஓர் எல்லை உண்டு. நீராவி இயந்திரத்துக்கு அந்த எல்லை இல்லை; விலை இறங்க இறங்கப் புதுப்புது வேலைகள் முளைத்தன. கணினிக்கும் அதே கதைதான். 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் மலிவான செயற்கை நுண்ணறிவை அறிமுகப்படுத்தியதும், மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா நினைவுகூர்ந்த பெயரும் ஜெவன்ஸ்தான்!

சிக்கனத்தால் செலவு இறங்கும்போது எரிபொருளின் விலையும் பயன்பாட்டைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதே இதில் கிடைக்கும் பாடம். சிங்கப்பூர் 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரியை 2024இல் 25 வெள்ளியாக்கியதற்குப் பின்னால் இந்த நியாயமும் இருக்கிறது.

வீட்டிலும் இதே சோதனை உண்டு. கூடத்தில் ஓடிய ஒரு குளிர்சாதனம் சிக்கனமானதும், ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று வாங்கத் தோன்றும். ஆகவே இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எண்ணினால் மட்டும் போதாது, வாசகர்களே! மாதக் கடைசியில் மின்கட்டண ரசீதில் இருக்கும் எண்ணையும் பாருங்கள்.