ஹாம்லெட்டின் தனிமொழியும் அதைப் பேசிய நடிகர்களும்

நாடக மேடையில் ஒருவன் தனித்து நின்று பேசும் பேச்சுக்களுள் ஹாம்லெட்டின் தனிமொழியைப் போல் புகழ் பெற்றது வேறில்லை எனலாம். ஷேக்ஸ்பியர் 1600-ஆம் ஆண்டையொட்டி எழுதிய நாடகம் அது. தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்த டென்மார்க் இளவரசன், துன்பத்தைத் தாங்கி வாழ்வதா, உயிரை முடித்துக்கொள்வதா என எண்ணுகிறான். மறுகரையில் இருப்பது என்னவென்று தெரியாத அச்சமே மனிதரைத் தடுத்து நிறுத்துகிறது எனக் காண்கிறான்.

இப்பேச்சில் ஒரு விந்தை உண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட வரிகளில் ஓரிடத்திலேனும் அவன் "நான்" என்று சொல்வதில்லை; "நாம்" என்றே பேசுகிறான். ஆகவே இது ஒருவனுடைய சொந்தத் துயரமா, மனிதகுலம் முழுவதற்குமான கேள்வியா என்பதை நடிகரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் நடிகர் தாமஸ் பெட்டர்டன் 1661-இல் இளவரசன் வேடமேற்றார். 1709-இல், எழுபது வயதைக் கடந்தும் அதே வேடத்தில் மேடையேறினார். முதியவர் என்று எவரும் நகைக்கவில்லை.

எம் உள்ளத்தைப் பெரிதும் தொடுவது அமெரிக்க நடிகர் எட்வின் பூத் என்பாரின் கதை. 1864 நவம்பர் தொடங்கி 1865 மார்ச் 22 வரை நியூயார்க்கில் நூறு இரவுகள் அவர் ஹாம்லெட்டாக நடித்தார். அடுத்த மாதம், பெரிய வெள்ளியன்று, அவருடைய உடன்பிறந்த தம்பியே குடியரசுத் தலைவர் லிங்கனைச் சுட்டான். இனி மேடையே வேண்டாம் என்று எட்வின் ஒதுங்கினார். ஆனால் 1866 சனவரியில் திரும்பி வந்தார், வந்ததும் ஹாம்லெட்டாகவே! மன்றத்தினர் ஆரவாரம் செய்து அவரை வரவேற்றனர். அவ்விரவில் அவர் அப்பேச்சைத் தொடங்கியபோது, மனிதர் சுமக்கும் துன்பங்களின் பட்டியல் கேட்போர் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும்! "நாம்" என்ற சொல்லுக்குள் அவருடைய குடும்பமும் அடங்கியிருந்ததல்லவா?

திரைப்படம் வந்தபின் வேறுபாடுகள் பெருகின. 1948-இல் லாரன்ஸ் ஒலிவியர் கோட்டை உச்சியில், அலைகடலுக்கு மேல், கையில் குறுவாளுடன் அமர்ந்து, பாதியை மனக்குரலாகவும் பாதியை வாய்விட்டும் பேசினார். ஒஃபீலியாவைச் சினந்து பிரிந்த காட்சிக்குப் பின்னர் இதை அவர் மாற்றி வைத்துக்கொண்டதால், காதல் முறிந்தவனின் புலம்பல் போல் அது சுருங்கிவிட்டது என்பது எம் கருத்து. 1964-இல் வந்த ரஷ்யப் படத்தில் இன்னொகெந்தி ஸ்மொக்துனோவ்ஸ்கி கடற்கரைப் பாறைகளிடையே நடக்கிறார்; உதடு அசைவதில்லை, குரல் மட்டும் கேட்கிறது. இரண்டாம் உலகப்போரில் பகைவரிடம் சிறைப்பட்டுத் தப்பிவந்த மனிதர் அவர். அந்த அமைதியில் நடிப்பே தெரிவதில்லை.

1996-இல் கென்னத் பிரானா கண்ணாடி முன் நின்று, தன் உருவத்தை நோக்கியே பேசினார். கண்ணாடிக்குப் பின்னால் அரசன் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்பேச்சு ஒற்றர் நடுவே பேசப்படுவது என்பதைப் பலர் மறந்துவிட, பிரானா நினைவூட்டினார்.

நம் சிவாஜி கணேசனும் 1973-இல் வெளிவந்த "ராஜபார்ட் ரங்கதுரை" படத்தில் இத்தனிமொழியை ஆங்கிலத்திலேயே பேசியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான நடிகர் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் மிச்சமிருக்கிறது. பேச்சு முடியும் தறுவாயில், கையில் நூலுடன் ஒஃபீலியா நிற்பதை இளவரசன் காண்கிறான். அவளுடைய செபங்களில் தன் பாவங்களை நினைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறான். அதுவரை "நாம்" என்றே பேசி வந்தவன், "என்" என்று முதன்முறையாகச் சொல்வது அங்கேதான்.